சொட்டுக்கு ஒரு பெயர்

ஒரு மனிதர் தம் அப்பாவின் நினைவாகச் சாமி முன்னால் ஏற்றி வைத்த விளக்கை ஊதி அணைத்து, செய்தித்தாளில் சுற்றி, பஜனைக் கூடத்துக்கு வெளியே கொண்டுபோய் வைத்தவன் நான். யாரும் தூண்டிச் செய்ததில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் மூட்டுவலி, வெயில், வாழைப்பழ விலை என்று பேசிக்கொண்டே போய்ச் சொல்லாமலே முடித்துவிடுவேன். அது என் பழக்கம்.

வாழைப்பழத்தில் இருந்துதான் ஞாபகமும் வந்தது. போன கிருத்திகைக்குப் பழம் வாங்க ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட்டுக்குப் போயிருந்தேன். கடைக்காரர் பின்னாலிருந்த அறைக் கதவைத் திறந்தார். பூண்டை நசுக்கியது போல ஒரு வாடை. கார்பைடு! பழத்தை அவசரமாகப் பழுக்க வைக்க அதைப் போடக் கூடாது என்று தடை இருக்கிறது. ஆனால் எங்கள் ஊர்க் கிழவர்களின் மூக்கை ஏமாற்ற முடியாது.

"எனக்குக் கொஞ்சம் கார்பைடு குடுப்பீங்களா?" என்றேன்.

அவர் முகம் வெளிறிவிட்டது. "இன்னா பெரியவரே, நீங்க எந்த ஆபீசு? நாங்க அதெல்லாம் கையாலயும் தொடறதில்ல" என்று கதவை இழுத்துச் சாத்தினார். அரை டஜன் பழத்துக்குக் காசு வாங்கவும் மாட்டேன் என்றார். வற்புறுத்திக் கொடுத்துவிட்டு வந்தேன்.

எனக்கு எதற்குக் கார்பைடு என்று கேட்பீர்கள். அதற்குத்தான் வருகிறேன்.

பேட்டரி விளக்கு வருவதற்கு முன் எங்கள் ஊர்த் தங்கச் சுரங்கத்துக்குள் இறங்குகிறவர்கள் கையில் கார்பைடு விளக்குதான். கைக்கு அடக்கமான பித்தளைச் செப்பு. கீழ் அறையில் கார்பைடு கல், மேல் அறையில் தண்ணீர், நடுவே ஒரு திருகு. திருகைத் திறந்தால் தண்ணீர் கல்மேல் சொட்டும், வாயு கிளம்பும், விளக்கின் மூக்கில் தீக்குச்சி காட்டினால் வெள்ளையாகச் சுடர் பிடிக்கும். கல்லும் தண்ணீரும் சேர்ந்து வெளிச்சமாவதைச் சின்ன வயதில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். ஒரு முறையும் ஆச்சரியப்பட்டதில்லை.

நான் ராபர்ட்சன்பேட்டை மளிகைக்கடை வீட்டுப் பிள்ளை. பி.ஏ. படித்துவிட்டுச் சுரங்கத்தின் டைம் ஆபீசில் குமாஸ்தாவாக இருந்தேன். வேலைக்கு இறங்குகிறவர்களுக்கு ஜன்னல் வழியே டோக்கன் கொடுப்பதும், ஏறி வந்ததும் அதைத் திரும்ப வாங்கி ஆணியில் மாட்டுவதும் என் வேலை. கோரமண்டல் லைன் குடியிருப்பில் தொழிலாளர்கள் தாங்களே கல் சுமந்து கட்டிய ஒரு முருகன் பஜனைக் கூடம் இருந்தது. படித்தவன் என்று என்னைக் கூப்பிட்டு முன்னால் உட்கார வைத்தார்கள். அவர்கள் கூடம், அவர்கள் சாமி. அதிகாரம் மட்டும் எப்படியோ என்னுடையதாகிவிட்டது.

மார்கழி விடியலில் நூற்றெட்டுப் போற்றி சொல்வேன். கூட்டம் திருப்பிச் சொல்லும். முதல் ஷிப்டு சங்கு ஊதுவதற்குள் முடிக்க வேண்டும் என்பது சாக்கு. உண்மையில் ஏழு நிமிஷத்தில் முடிப்பது எனக்குப் பெருமை. முடிந்ததும் தத்துவம் வேறு சொல்வேன். அகல் என்பது உடம்பு, எண்ணெய் என்பது ஆசை, திரி என்பது மனம், ஆசை எரிந்தால் ஞானம். எல்லாம் புத்தகத்தில் படித்தது. பாவம், இரவு ஷிப்டு முடித்து வந்தவர்கள் உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டு கேட்பார்கள்.

மாணிக்கம் என்று ஒருவர். கூரைப் பாறை சரியாமல் உள்ளே மரம் முட்டுக் கொடுக்கும் டிம்பர்மேன். என் வயதுதான். அவருடைய அப்பா நெஞ்சு நோயில் இறந்த அடுத்த மார்கழியில், ஒரு நாள் அப்பாவின் பித்தளைக் கார்பைடு விளக்கைக் கொண்டுவந்து குத்துவிளக்குக்குப் பக்கத்தில் ஏற்றி வைத்தார். பூண்டு வாடை கற்பூரத்தைத் தாண்டி வந்தது.

"இன்னா மாணிக்கம் இது? சாமி சன்னிதின்னு நெனச்சியா, சுரங்க ஷாஃப்ட்டுன்னு நெனச்சியா?" என்றேன். இரண்டு பேர் சிரித்தார்கள். சிரிப்பு வந்ததும் எனக்குத் தைரியம் கூடியது.

"எங்க நைனாவுது சார். ஓரமாத்தான வச்சிக்கீறேன்."

"நாறுதுப்பா. இதையெல்லாம் உள்ள வைக்கக் கூடாது."

"செத்த நேரத்துல அடங்கிடும் சார். தண்ணி மட்டும் சமமா வுழுந்துச்சின்னா…"

அவரை முடிக்க விடவில்லை. எழுந்து போய் ஊதி அணைத்தேன். செய்தித்தாளில் சுற்றி வெளியே குட்டைச் சுவரில் வைத்துவிட்டு வந்து, விட்ட இடத்திலிருந்து போற்றியைத் தொடர்ந்தேன். நாறுது என்று நான் சொன்னது கார்பைடை மட்டும்தானா என்று பிறகு என்னையே பல முறை கேட்டிருக்கிறேன். அன்று கூடத்தில் இருந்த யாரும் அதைக் கார்பைடைப் பற்றிய பேச்சாக மட்டும் கேட்கவில்லை. அது எனக்கு அப்போதே தெரியும்.

பஜனை முடிந்து பார்த்தால் சுவரில் விளக்கு இல்லை. யாரோ எடுத்துப் போய்விட்டார்கள். மாணிக்கம் சாக்கடைக்குள் கைவிட்டுத் தேடினார். சங்கு ஊதியது. கையைக் கழுவிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார். அதன் பிறகு அவர் கூடத்துக்கு வரவில்லை.

அந்த வாரமே, ஆட்களைச் சுரங்கத்தில் இறக்கும் கேஜில் ஏற்றி மணியடிக்கும் பேங்க்ஸ்மன் என் ஜன்னலில் வந்து நின்றார்.

"சார், அது இன்னா வெளக்குன்னு தெரியுமா ஒங்களுக்கு? முன்ன ஏர் பிளாஸ்ட்டுல பாறை இடிஞ்சி மாணிக்கத்தோட நைனா உள்ளாற மாட்டிக்கினாரு. அந்த வெளக்குதான் தொணை. கல்லு சீக்கிரம் தீந்துடக் கூடாதுன்னு திருகைக் கொறைச்சி வச்சி, ஒரு சொட்டுக்கு ஒரு முருகான்னு சொல்லிக்கினே குந்தினு இருந்தாராம். சொட்டு வுழறப்ப சுடரு லேசாத் தூக்கும், அத்தப் பாத்து. மறுநா தோண்டி எடுத்தாங்க. சாவற வரைக்கும் தெனம் அப்பிடித்தான் சாமி கும்புட்டாரு. அப்பறம் மாணிக்கம் புடிச்சிக்கிச்சி. இப்ப அதுவும் போச்சி."

எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகும் நான் போகவில்லை. என் குற்றத்தில் பெரிய பாதி அதுதான். தினமும் மாணிக்கம் ஜன்னலில் கை நீட்டுவார், நான் டோக்கனை வைப்பேன். இடையில் ஒரு சாண் தூரம். பதினெட்டு வருஷம் அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன், பேசவில்லை.

சுரங்கம் மூடியது. ஊரில் பாதி விடியற்கால ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போக ஆரம்பித்தது. என் மனைவியும் காலமானாள். வீட்டில் உட்கார்ந்து போற்றி சொல்ல ஆரம்பித்தேன். இப்போது சங்கு இல்லை, அவசரமும் இல்லை. ஆனால் ‘ஒளியே போற்றி’ என்னும் இடம் வந்ததும் தினமும் நாக்கு நின்றுவிடும்.

கடைசியில் பழைய இரும்புக் கடைகளில் அலைந்து ஒரு கார்பைடு விளக்கைக் கண்டுபிடித்தேன். வெல்டிங் கடையில் கல் வாங்கினேன். கோரமண்டலுக்குப் போனேன். மாணிக்கம் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அப்பாவின் நெஞ்சு நோய் அவருக்கும் வந்திருந்தது.

"யாரு, டைம் ஆபீசா?"

விளக்கை வாங்கித் திருப்பிப் பார்த்தார். "இது எங்க நைனாவுது இல்ல. அதுல மூடியாண்ட ஒரு நெளிசல் இருக்கும். பாறை வுழுந்தது."

"தெரியும். நான் செஞ்சது தப்பு மாணிக்கம். மன்னிச்சிடுங்க."

அவரிடம் நான் ‘ங்க’ போட்டுப் பேசியது அதுதான் முதல் முறை. அது அவர் காதிலும் விழுந்தது.

"தெனம் டோக்கன் குடுத்தீங்களே சார். ஒரு வாட்டி சொல்லியிருக்கலாம்" என்றார். கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். "நான் இத்த வச்சிக்கினு இன்னா பண்றது? எனக்கு மூச்சே சொட்டுச் சொட்டாத்தான் வருது. நீங்க கொண்ட்டு போயி ஏத்தி வச்சிக் குந்துங்க. எப்பிடிக் கீதுன்னு வந்து சொல்லுங்க."

முதல் நாள் ஏற்றியதும் மருமகள் சமையலறைக்கு ஓடினாள். "மாமா, சிலிண்டர் லீக் ஆவுது!" அவளைச் சமாதானப்படுத்தி ஜன்னல்களைத் திறந்து வைத்து உட்கார்ந்தேன். என் நாக்கு மூன்று போற்றி சொல்லிவிட்டது, சுடர் ஒரு முறைதான் தூக்கியிருந்தது. காத்திருக்க வேண்டியிருந்தது. ஒரு பெயருக்கும் அடுத்த பெயருக்கும் நடுவே அவ்வளவு இடம் இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. அந்த இடைவெளியில், அடுத்த சொட்டு விழுமா என்று பார்த்தபடி இருட்டில் உட்கார்ந்திருந்த மாணிக்கத்தின் அப்பாவை நினைத்துக்கொள்வேன். அகல், எண்ணெய், திரி என்று அவருடைய மகனுக்கா தத்துவம் சொன்னேன்!

கிருத்திகைதோறும் மாணிக்கத்திடம் போய்ச் சொல்வேன். "சொட்டை முந்துனீங்களா?" என்பார். "முந்தினேன்" என்பேன். "டைம் ஆபீசு புத்தி எங்க போவும்" என்பார். மன்னித்தேன் என்று அவர் சொன்னதில்லை. நானும் மறுபடி கேட்கவில்லை.

இரண்டு மாதம் முன்பு வெல்டிங் கடைக்காரர், இனிமேல் எல்லாம் சிலிண்டர்தான், கார்பைடு வராது என்று கையை விரித்துவிட்டார். அதனால்தான் வாழைப்பழக் கடையில் கேட்டு அந்த மனிதரைக் கலங்கடித்தேன். இப்போது வெறும் விளக்கில் தண்ணீர் மட்டும் ஊற்றித் திருகைத் திறந்து வைக்கிறேன். காலி அறையில் சொட்டு விழும் சத்தம் கேட்கிறது. அதற்கு ஒரு பெயர்.

பழத்தைக் கொடுக்கப் போனபோது மாணிக்கத்திடம் இதைச் சொன்னேன். அவர் சிரிக்கத் தொடங்கி இருமலில் முடித்தார்.

"அப்ப நாத்தம் போச்சி. இனிமே உள்ளாற வுடுவீங்க இல்ல?"

பழத்தை அவர் பக்கத்தில் வைத்துவிட்டு எழுந்தேன். திரும்பும்போது கூடம் இருந்த இடத்துக்குப் போனேன். ஓடுகளையும் கதவு நிலைகளையும் எப்போதோ பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். சாமியை யார் வீட்டுக்குக் கொண்டுபோனார்கள் என்று தெரியவில்லை. நான் உட்கார்ந்து போற்றி சொன்ன இடத்தில் முள் மண்டிக் கிடக்கிறது. நான் விளக்கை வைத்த குட்டைச் சுவர் மட்டும் அப்படியே நிற்கிறது.