அறுபத்திரண்டு அலாரங்கள்

மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடலை ஒட்டி ஒரு ஐஸ் ஃபாக்டரி. மீன்காரர்களுக்குக் கட்டி ஐஸ் போடும் இடம். அதைத் தானியங்கியாக மாற்றும் வேலைக்கு நான்தான் புராஜெக்ட் மேனேஜர். முதலாளி செங்கல்பட்டில் குடியிருக்கும் பாய். தினமும் வந்து போய் அலுத்துப்போனவர். முதல் மீட்டிங்கிலேயே சொல்லிவிட்டார்.

"மேடம், நா வூட்ல குந்திகினே எல்லாத்தையும் ஃபோன்ல பாக்கணும். அங்க போற வேலையே இருக்கக் கூடாது."

கோளாறு என்றால் ஃபோனுக்குச் செய்தி போக ஏழு அலாரம் போதும் என்று பட்டியல் கொடுத்தேன். அவருக்குப் பிடிக்கவில்லை.

"மெஷின்ல எத்தினி வருமோ அத்தினியும் வுடுங்க."

எண்ணிப் பார்த்தால் அறுபத்திரண்டு. இது சரிவராது என்று எனக்குத் தெரியும். ஆனால் ஒப்புதல் கையெழுத்துப் போடுகிறவர் அவர். வேலை முடிக்க வேண்டிய தேதி என்னுடையது. அறுபத்திரண்டையும் போட்டுவிட்டேன்.

எல்லாம் ஓட ஆரம்பித்த மறுநாள் காலை, கூடுவாஞ்சேரி வீட்டில் தோசை ஊற்றிக்கொண்டிருந்தபோது பாய் அழைத்தார்.

"உப்புத்தண்ணித் தொட்டி சூடு ஏறுதுன்னு வந்துகினே கீது மேடம். இன்னா பண்றது?"

தண்ணீர் ஊற்றிய அச்சுகளை இறக்கி ஐஸ் உறைய வைக்கும் தொட்டி அது. நான் ஃபாக்டரி ஆபரேட்டரை அழைத்தேன்.

"ஐஸ எடுத்துட்டு அச்சுல புதுத் தண்ணி ஊத்திகினு கீறோம். ஏறத்தான் செய்யும். அதுவா எறங்கிடும் மேடம்" என்றார் அவர். அதை அப்படியே பாயிடம் சொன்னேன். ஆபரேட்டர் நின்றிருந்தது கன்ட்ரோல் பேனலுக்கு இரண்டடி தள்ளி. அவர் கண்ணெதிரே இருந்த செய்தி செங்கல்பட்டு போய், கூடுவாஞ்சேரி வந்து, திரும்ப அவரிடமே போய்ச் சேர்ந்தது. இதற்காகத்தான் நான்கு மாதம் உழைத்திருந்தோம். தோசை கருகிவிட்டது.

இரண்டு வாரம் இப்படியே போனது. நேரில் போய்ப் பார்த்தால், பேனல் முன்னால் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு பாய் உட்கார்ந்திருக்கிறார்.

"என்ன பாய், நீங்க இங்க?"

"வூட்ல இருந்தா எதுக்குக் கத்துதுன்னே தெரில. இங்கன்னா பாத்துட்டு வுட்டுடலாம். காலைல வந்தா சாய்ங்காலந்தான் போறேன்."

"முன்னல்லாம் மதியத்துக்குள்ள கெளம்பிடுவாரு மேடம்" என்று ஆபரேட்டர் தனியாக என்னிடம் சொன்னார். குரலில் வருத்தம் இருந்தது.

அன்றைக்கே ஏழாகக் குறைத்துவிட்டு வந்தேன். இரண்டு நாள் நிம்மதி. மூன்றாம் நாள் பாய் கூப்பிட்டார்.

"ஃபோனுக்கு ஒன்னுமே வரல மேடம். மெஷின் ஓடுதா இல்லியா?"

"பிரச்சனை இல்லன்னா வராது பாய்."

"அது எனக்கு எப்டித் தெரியும்? ஒன்னும் இல்லன்னா, ஒன்னும் இல்லன்னு ஒரு மெசேஜ் வர வைங்க."

சிரிப்பு வந்தது. யோசித்தால் நியாயமாகவும் பட்டது. வேலை முழுக்க அவர் கேட்டவற்றில் உருப்படியானது அது ஒன்றுதான். என் பட்டியலில்தான் அது இல்லை.

இப்போது தினமும் காலை ஏழு மணிக்கு 'எல்லாம் சரி' என்று அவருக்குச் செய்தி போகிறது. ஏழு ஐந்துக்கு அவர் ஆபரேட்டருக்கு ஃபோன் போட்டு, அது நிஜமா என்று கேட்கிறார். நிஜந்தான் என்று ஆபரேட்டர் சொன்ன பிறகு பாய் நாஸ்தா சாப்பிட உட்காருகிறார்.