ஒரு கோலும் அடிக்காத எங்கள் அண்ணன்

எங்கள் அண்ணன் மறைந்து இந்த ஆவணியோடு ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

அண்ணனைப் பற்றி உங்களில் பலருக்குத் தெரிந்தது ஒரே ஒரு செய்திதான். "அப்பன் செத்துக் கெடக்கையில ஐஸ்ல வெளையாடிட்டு இருந்தவன்." முப்பது வருடத்துக்கு மேலாக எடப்பாடியில் கல்யாண வீட்டிலும் எழவு வீட்டிலும் இது பேசப்பட்டது. அவர் காதுபடவே பேசியவர்களும் உண்டு. அவர் பதில் சொன்னதில்லை. நான் சொல்லப் போகிறேன்.

அண்ணன் பிறந்தது எடப்பாடியில், ஒரு விசைத்தறிக் கொட்டகைக்குப் பின்புறம் நாங்கள் குடியிருந்த வீட்டில். அப்பா அந்தக் கொட்டகையில் தறி ஓட்டினார். பத்தாம் வகுப்பு முடித்த கையோடு அண்ணனும் அங்கேயே வேலைக்கு நின்றார். நான்கு தறியை ஒருவர் பார்க்க வேண்டும். தறிக்குள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பாயும் நாடா சில சமயம் தெறித்து வெளியே பறக்கும். கூர்முனை கொண்ட அந்தக் கட்டை பட்டுக் கண் போனவர்களை எங்களுக்குத் தெரியும். ஒரு தறியில் அறுந்த இழையை முடிந்துகொண்டே மற்ற மூன்று தறிகளின் சத்தத்தையும் கவனிக்க அண்ணன் பழகியிருந்தார்.

இருபதாம் வயதில் எல்லைக் காவல் படைக்கு ஆள் எடுத்தார்கள். சேலம் போய் ஓடிக் காட்டித் தேர்வானார். மூன்று ஆண்டு கழித்து லடாக்குக்கு அனுப்பப்பட்டார்.

மார்கழி, தை, மாசி மூன்று மாதமும் அங்கே குளங்கள் கல்லாக உறைந்துவிடும். அடியில் இரும்புத் தகடு பொருத்திய பூட்ஸை மாட்டிக்கொண்டு, அதன்மேல் வழுக்கியபடியே, நீண்ட மட்டையால் ரப்பர் வட்டைத் தள்ளி ஆடுவார்கள். ஐஸ் ஹாக்கி என்பது அதுதான். அண்ணன் வேடிக்கை பார்க்கப் போனார், பிடித்து இறக்கிவிட்டார்கள். முதல் நாள் நின்ற நேரத்தைவிட விழுந்து கிடந்த நேரமே அதிகம் என்று வீட்டுக்கு எழுதினார். இரண்டு குளிர்காலம் கழித்துப் படையின் அணியில் தடுப்பாட்டக்காரராகச் சேர்க்கப்பட்டார். எதிரணி வட்டோடு பாய்ந்து வரும்போது, அவர்கள் முகத்தைப் பார்த்தபடியே பின்பக்கமாக வழுக்கிச் சென்று மறிக்க வேண்டும். பறந்து வரும் வட்டை மட்டையால் நிறுத்த முடியாவிட்டால் உடம்பால் நிறுத்த வேண்டும். இந்த வேலையைப் பதினோரு குளிர்காலம் செய்தார்.

விடுப்பில் வந்த ஒரு சமயம் எங்கள் சித்தப்பா அவரிடம் கேட்டார்.

"இத்தன வருசத்துல எத்தன கோலு அடிச்சிருக்கற?"

"ஒண்ணுமில்லீங்க சித்தப்பா."

"ஒண்ணு கூடவா இல்ல? அப்பறம் அங்க நின்னு என்னதான் பண்ணுன?"

"அவிங்கள அடிக்க உடலீங்க."

சித்தப்பா உட்படக் கூடத்தில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். அண்ணன் சிரிக்கவில்லை. கேட்ட கேள்விக்குத்தான் பதில் சொல்லியிருந்தார்.

இனி அந்தத் தை மாதம். அண்ணனுக்கு அப்போது இருபத்தெட்டு வயது. திங்கட்கிழமை காலை ஒன்பதரை மணிக்குத் தறியருகில் மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த அப்பா எழுந்திருக்கவில்லை. உடனே தந்தி கொடுத்தோம். செவ்வாய் மாலை வரை காத்திருந்தோம். அதற்கு மேல் வைத்திருக்க முடியாது என்று பெரியவர்கள் சொன்னார்கள். மகன் வைக்க வேண்டிய கொள்ளியைச் சித்தப்பா வைத்தார். அண்ணன் சனிக்கிழமை காலையில்தான் வந்தார். மேலுதடு வீங்கி, முன்வரிசையில் இரண்டு பற்கள் இல்லாமல் வாசலில் நின்றார். "ஐஸ்ல உழுந்துட்டேன்" என்றார். அம்மா அதற்கு மேல் கேட்கவில்லை.

பங்குனியில் படையின் இதழ் தபாலில் வந்தது. தை மாதம் நடந்த போட்டியின் படத்தில் அண்ணன் மட்டையோடு நின்றார். சித்தப்பா அந்தப் படத்தைப் பார்த்தார். பேச்சு அன்றைக்குத் தொடங்கியது. அந்தப் பேச்சைக் கேட்டு இரண்டு வீட்டார் பெண் தர மறுத்தார்கள். மூன்றாவதாகப் போனது ஜலகண்டாபுரத்துக்கு. பெண்ணே நேராகக் கேட்டார், "பல்லு எப்படிங்க போச்சு?" என்று. "ரப்பரு பட்டுருச்சுங்க" என்றார் அண்ணன். அந்தப் பெண்தான் எங்கள் அண்ணி. முப்பது ஆண்டுகள் வடக்கே முகாம் முகாமாக அவரோடு சுற்றியவர்.

நான் ஒருமுறை அண்ணனிடம் கேட்டேன்: "சேதி வந்தப்பறம் ஆடுனீங்களாண்ணா?"

"மேகம் எறங்கிக் கெடந்துச்சு கண்ணு. பிளேனு வரல" என்றார்.

அதை "ஆடவில்லை" என்று என் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். போட்டி தொடங்கியது அப்பா இறப்பதற்கு இரண்டு நாள் முன்பு, சனிக்கிழமை. படம் அன்றைக்கு எடுத்ததாக இருக்கும் என்று தேதி போட்டுக் காட்டிப் பலரோடு சண்டை பிடித்தேன். சில வீடுகளுக்குப் போவதையே நிறுத்தினேன். அண்ணன் ஓய்வு பெற்று எடப்பாடிக்கே திரும்பிய பிறகும் சண்டை ஓயவில்லை. சேலம் மருத்துவமனையில் ஒன்பது நாள் கிடந்து, இதயம் தளர்ந்து அவர் போய்ச் சேர்ந்தபோதும் என் கையில் இருந்தது அந்தக் குறிப்புதான்.

அது தவறான குறிப்பு. பதினாறாம் நாள் பந்தலில் அது தெரிந்தது.

அன்று லடாக்கிலிருந்து தோர்ஜே என்பவர் வந்திருந்தார். அணியின் கோல்கீப்பர். எங்கள் வெயிலில் முகமெல்லாம் சிவந்திருந்தது. அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு, தான் வலைக்கு முன்னால் தனியாக மாட்டிக்கொள்ளும் போதெல்லாம் அண்ணன் எப்படிக் கத்திக்கொண்டு வருவார் என்று தமிழிலேயே கத்திக் காட்டினார்: "வாரேன் சாமி, வாரேன்!" அழுதுகொண்டிருந்த பந்தல் சிரித்தது.

சிரிப்பு அடங்குவதற்குள் சித்தப்பா எழுந்தார். "அவிங்கப்பன் செத்தப்ப இவன் ஆடுனானா இல்லியான்னு கேளு சாமி. இன்னிக்குத் தெரிஞ்சு போயிரட்டும்."

நான் "இல்லை" என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அண்ணி இந்தியில் கேட்டுவிட்டார். தோர்ஜே தயங்கவே இல்லை. ஆடினார் என்றார்.

அவர் சொன்னதை அண்ணி வரிவரியாகத் தமிழில் சொன்னார். தந்தி திங்கள் மாலையே முகாமுக்கு வந்துவிட்டது. செவ்வாய் விடியுமுன் அண்ணன் பெட்டியோடு விமானத் தளத்தில் நின்றார். மேகம் விலகவில்லை, விமானம் இறங்கவில்லை. சாலைகள் கோடை வரை பனியில் மூடிக் கிடப்பவை. புதன் காலையும் போய் நின்று திரும்பினார். அன்று மதியம் அரையிறுதி ஆட்டம். நீ அறையில் படுத்திரு என்றார் கேப்டன். சும்மா உட்கார்ந்தால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் என்று சொல்லிவிட்டு அண்ணன் பூட்ஸ் கயிற்றைக் கட்டினார். அண்ணனின் அணி ஒரு கோல் அடித்து முன்னிலையில் இருந்தது. கடைசி நிமிடத்தில் தோர்ஜே ஒரு பக்கமாக விழுந்துவிட, வலை திறந்து கிடந்தது. முகத்துக்குக் கம்பிக் கூண்டு எல்லோருக்கும் கிடைக்காத காலம் அது. வட்டு வந்த வழியில் அண்ணன் முகத்தைக் கொடுத்து விழுந்தார். வட்டு உள்ளே போகவில்லை. யாரோ பனியில் பல்லைத் தேடினார்களாம். வாயில் ரத்தத்தோடு, நாளைக்கு விமானம் வருமா என்று அண்ணன் கேட்டாராம். வியாழனன்று வந்தது.

"நான் சொன்னன்ல? ஆடிருக்கறான்" என்றார் சித்தப்பா.

அண்ணி திரும்பினார். "வேற என்னங்க மாமா பண்ணோணும்? மேகத்தப் புடிச்சு இழுக்கோணுமா?"

சித்தப்பா உட்கார்ந்துவிட்டார்.

மலர் அச்சுக்குப் போகும் சமயம் அவரே வீட்டுக்கு வந்தார். "ஆடுனத மட்டும் எழுதாத கண்ணு. படையில வேலை பாத்தான்னு போடு, போதும்."

"நீங்கதானே சித்தப்பா ஊரெல்லாஞ் சொன்னீங்க?"

"வாயில சொல்றது வேற. அச்சுல வந்தா அழியாதில்ல?"

அழியக் கூடாது என்றுதான் அச்சில் போடுகிறேன். அட்டைப் படத்தில் ஸ்டூடியோக்காரர் தாமாகவே இரண்டு பற்களை வரைந்து கொடுத்தார். எடுக்கச் சொன்னேன். அண்ணன் எப்படி இருந்தாரோ அப்படியே இருக்கிறார். அவர் பெயருக்குக் கீழே முதலில் "ஐஸ் ஹாக்கி தடுப்பாட்டக்காரர்" என்றும் அதற்கு அடுத்ததாகப் பதவியும் போட்டிருக்கிறேன். யாருக்கும் இதற்காகத் தலை குனிய மாட்டோம். நான் இத்தனை காலம் "ஆடவில்லை, ஆடவில்லை" என்று வாதாடியதற்குத்தான் வெட்கப்படுகிறேன். ஏதோ அவர் குற்றம் செய்தது போலவும் நான் மறைத்துக் காப்பாற்றியது போலவும் ஆகிவிட்டது.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் இருக்கிறார்கள். மருத்துவமனையில் ஒன்பது நாளும் முறை வைத்துக் காவலிருந்த தெருக்காரர்களுக்கும், அண்ணனுக்குத் தோள் கொடுத்தவர்களுக்கும், இரண்டு நாள் பயணம் செய்து வந்து உண்மையைச் சொன்ன தோர்ஜேவுக்கும், எங்கள் அண்ணிக்கும் நன்றி. அப்பாவை அன்று காக்க வைக்காமல், அண்ணன் இடத்தில் நின்று கொள்ளி வைத்த சித்தப்பாவுக்குக் குடும்பத்தின் சார்பில் கை கூப்பி நன்றி சொல்கிறேன். அது சிறிய உதவி இல்லை.

இனியும் இதைப் பேச விரும்புகிறவர்கள் தாராளமாகப் பேசலாம். கிழமையை மட்டும் சரியாகச் சொல்லுங்கள். அப்பா இறந்தது திங்கட்கிழமை. அண்ணன் ஆடியது புதன்கிழமை. அன்று எதிரணி ஒரு கோலும் அடிக்கவில்லை.