எழுத்து மட்டும் முடிந்தவள்

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எவர் எழுதிய ஆங்கிலத்தைக் கண்டாலும் கை சும்மா இருக்காது. இணுவிலில் எங்கள் ஒழுங்கையில் வெளிநாட்டுக்குப் போன கடிதங்களில் பாதி என் சிவப்புப் பேனையைக் கண்ட பிறகுதான் போயின. பள்ளிக்கூடத்தில் படிப்பிப்பதும் அதே பாடம்தான். ஆகவே அவர் கனடாவில் நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பிக்கப் போகிறேன், ஒரு லோயரிடம் கொடுப்போமா என்று கேட்டபோது எனக்குச் சுருக்கென்று வந்தது.

"என்ரை இங்கிலிஸிலை உங்களுக்கு நம்பிக்கை இல்லையோ?" என்று கேட்டேன்.

அவர் பயந்த சுபாவம். ஆங்கிலத்துக்காக இல்லை, மனம் ஆறுதலாக இருக்கும் என்பதற்காகத்தான் என்றார். லோயர் புதிதாக என்ன எழுதிவிடப் போகிறார், நாங்கள் சொல்வதைத்தானே எழுதுவார் என்று நான் வாதாடினேன். இரண்டு கிழமை இழுபட்டது. கடைசியில் நான்தான் வென்றேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என் தலையில் நானே குட்டிக்கொள்ள வேண்டும் போலிருக்கிறது.

அவர் என்று சொல்வது என் கணவரை. அந்தச் சொல்லைத் தயங்காமல் எழுத எனக்கு இவ்வளவு காலம் எடுத்திருக்கிறது. முந்தைய வருடம் அவர் கனடாவிலிருந்து மூன்று கிழமை லீவில் வந்தபோது எங்களுக்கு எழுத்து, அதாவது கலியாணப் பதிவு, நடந்தது. பதிவாளர் வீட்டுக்கு வந்தார், கையெழுத்து வைத்தோம், பலகாரம் சாப்பிட்டோம். அந்த மாதத்தில் தாலி கட்ட நல்ல நாள் அமையவில்லை. அடுத்த வரவில் கோயிலில் கட்டுவோம் என்று பெரியவர்கள் முடிவெடுத்தார்கள். அதன் பிறகு லீவு முடியும் வரை நான் எங்கள் வீட்டில், அவர் தங்கள் வீட்டில். ஒன்றாக எடுத்த படத்திலும் இரண்டு பேருக்கும் நடுவே இன்னொரு ஆள் நிற்கலாம். எங்கள் பக்கத்தில் எழுத்து முடிந்தவளை யாரும் கலியாணம் கட்டியவள் என்று சொல்வதில்லை. நானும் சொன்னதில்லை.

படிவங்களை அவர் நிரப்பி அனுப்பினார். பள்ளிக்கூடம் போக முதல், விடியற்காலையில், தேத்தண்ணியோடு இருந்து ஒவ்வொரு பக்கமாகத் திருத்தினேன். வேலை செய்த இடங்கள், இருந்த விலாசங்கள், எல்லாவற்றையும் இரண்டு தரம் பார்த்தேன். ஒரு கமா விடவில்லை. அனுப்பலாம் என்று நான் சொன்ன பிறகே அவர் அனுப்பினார்.

ஒரு மாதம் போனது. ஒரு நாள் இடைவேளையில், விவரத்தாள் நிரப்பிக்கொண்டிருந்த ஒரு இளம் ஆசிரியை என்னிடம் வந்தாள். அவளுக்கும் அப்போதுதான் எழுத்து முடிந்திருந்தது. மணமானவர் என்று போடுவதா, ஆகாதவர் என்று போடுவதா என்று கேட்டாள்.

"உமக்கு எழுத்து முடிஞ்சுதெல்லே? சட்டப்படி நீர் கலியாணம் கட்டினவர்தான்," என்று பெரிய ஆள் போலச் சொன்னேன்.

சொல்லி முடித்த பிறகுதான் அது எனக்கே கேட்டது. அவருடைய படிவத்தில் 'திருமணமாகாதவர்' என்ற கட்டத்தில் இருந்த புள்ளடி கண்ணுக்கு முன்னால் வந்தது. அதை நான் இரண்டு தரம் பார்த்திருக்கிறேன். இரண்டு தரமும் அது எனக்குச் சரியாகத்தான் பட்டது.

அங்கே அவர் நித்திரையால் எழும்ப இன்னும் ஆறு மணித்தியாலம் இருந்தது. அதற்குப் பிறகு நான் என்ன படிப்பித்தேன் என்று பிள்ளைகளைத்தான் கேட்க வேண்டும். வீட்டுக்கு வரும் வழியில் சைக்கிள் செயின் இரண்டு தரம் கழன்றது. இரண்டு தரமும் அதையே திட்டினேன். அம்மா சோறு போட்டார், பிசைந்துவிட்டு எழும்பினேன். முற்றத்துக்கும் விறாந்தைக்குமாக நடந்தேன்.

பின்னேரம் அவர் போன் எடுத்தார். அந்தப் புள்ளடியைப் பற்றிச் சொன்னேன்.

"தாலி இன்னும் கட்டேல்லைத்தானே. அதாலைதான் அப்பிடிப் போட்டனான். நீரும் பாத்தனீர்தானே?"

"ஓம். நானும் பாத்தனான்."



இந்த முறை லோயர் வேண்டுமா என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. அந்த வாரமே ஒரு தமிழ்ப் பெண் லோயர் எங்கள் இருவரோடும் வீடியோவில் கதைத்தார். நான் சண்டைக்குத் தயாராக இருந்தேன், அவரோ ஏசவே இல்லை. எங்கடை ஆக்கள் கனபேர் விடுகிற பிழைதான், ஆனால் அங்கே குடிவரவுக் கந்தோரில் இருப்பவர்களுக்கு எழுத்தும் தெரியாது, தாலியும் தெரியாது, மனைவியை மறைத்ததாகத்தான் எடுப்பார்கள் என்றார். அப்படி எடுத்தால் அவருடைய விண்ணப்பமே போகலாம். இதைத் திருத்தாமல் வதிவிட உரிமை கிடைத்துவிட்டாலும், பிறகு என்னைக் கூப்பிட முடியாமலே போகலாம்.

"அவை முடிவெடுக்க முதல் நாங்களாச் சொல்லிப்போட வேணும். சரிவரும் எண்டு நான் வாக்குத் தரமாட்டன்," என்றார்.

பிறகு அவரிடம், நடந்ததை ஒரு கடிதமாக உங்கள் சொந்தச் சொல்லிலேயே எழுதுங்கள், வேறு யாரும் திருத்த வேண்டாம் என்றார். அந்தக் கடைசிச் சொல் எனக்குத்தான் என்று விளங்கியது.

இரண்டு நாள் கழித்து அவர் கடிதத்தை எனக்கு அனுப்பினார், திருத்த அல்ல, வாசிக்க. இறந்தகாலமும் நிகழ்காலமும் குழம்பிய ஆங்கிலம். பதிவாளர், பலகாரம், நல்ல நாள் அமையாதது எல்லாம் இருந்தன. கடைசியில் இரண்டு வசனம். அவள் என் மனைவி. இல்லை என்று நான் புள்ளடி போட்ட அன்றைக்கும் அவள் என் மனைவிதான்.

ஒருவரும் என்னைப் பற்றி அப்படி எழுதியதில்லை. அடுப்படியில் அம்மா இருக்கிறார் என்றும் பாராமல் அழுதேன். இடத்துக்கு இடம் பிழை இருந்தது. பேனையைத் தொடவில்லை. அனுப்புங்கோ என்று மட்டும் எழுதினேன்.

கடிதம் போய் நான்கு மாதமாகிறது. பதில் வரவில்லை. வகுப்பில் வரவு இடாப்புக்குக் கீழே போனை வைத்துக்கொண்டு, பிள்ளைகளைப் போன் கொண்டுவந்ததற்காக ஏசுகிறேன். பள்ளிக்கூடக் கந்தோரில் பதிவுச் சான்றிதழைக் காட்டி என் பெயருக்கு முன்னால் இருந்த செல்வியைத் திருமதி ஆக்கச் சொன்னேன். அங்கே இருந்தவர் சான்றிதழைப் பார்க்க முதல் என் வெறுங்கழுத்தைப் பார்த்தார். "பிழை இல்லை, எழுதுங்கோ," என்றேன்.