பெயிண்ட் டின்னில் செய்த அடுப்பு

எனக்கு வயது எழுபத்திரண்டு. ஐந்து பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். ஓசூரில் நாங்கள் குடியிருக்கும் லைன் வீடுகளில் என் மரத்தூள் அடுப்புக்குத் தனிப் பேர் உண்டு. பழைய பெயிண்ட் டின்னின் அடிப்பக்கம் ஓட்டை போட்டு, நடுவில் பாட்டிலை நிறுத்தி, சுற்றிலும் மரத்தூளை இடித்து நிரப்பி, பாட்டிலை உருவிவிட்டால் அடுப்பு தயார். கைப்பிடியோடு எங்கும் தூக்கிப் போகலாம்.

போன மார்கழியில் கடும் குளிர். பக்கத்து அறைக்குப் புதிதாகக் குடிவந்த திருநெல்வேலிப் பெண் செல்வி, விடியற்காலையில் கைக்குழந்தையோடு நடுங்கிக்கொண்டிருந்தாள். கனன்றுகொண்டிருந்த அடுப்பை அவள் அறையில் கொண்டுபோய் வைத்தேன்.

“புகை வராதா ஆச்சி?”

“நான் செஞ்ச அடுப்புல ஏது பொகை? நீ பேசாம படும்மா.”

ஜன்னலை நானே சாத்தினேன். கதவையும் இழுத்துவிட்டு வந்தேன்.

ஷிப்ட் முடிந்து வந்த அவள் புருஷன் கதவைத் திறந்தபோது அவளால் எழுந்திருக்க முடியவில்லை. குழந்தை துவண்டு கிடந்தது. வெளியே தூக்கிவந்து காற்றுப் பட்ட பிறகுதான் அழுதது. மூடிய அறையில் கங்கு இருந்தால் புகை தெரியாமலே ஆளைக் கொல்லும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

“ஜன்னல ஏன்ட்டி சாத்துன? புத்தி இருக்கா ஒனக்கு?” என்றான் அவன்.

செல்வி என்னை ஒரு முறை பார்த்தாள். “குளிருச்சு. சாத்திட்டேன்” என்றாள்.

நான் வாய் திறக்கவில்லை. அவன் இன்றைக்கும் அவளைச் சொல்லிக்காட்டுகிறான். சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்கிறது. அதனால்தான் எழுத்துக்கூட்டி இதை எழுதினேன்.

என் பேத்தியைக் கூப்பிட்டிருக்கிறேன். “எழுதுனத படிச்சுக் காட்டு கண்ணு. கொஞ்சம் சத்தமாவே படி. இன்னைக்கி செல்வி புருஷன் வீட்லதான் இருக்கான்.”