லெவல்காரர்

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவர் அந்த ஃபிட்டர். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் தூங்கியது. தொழிற்சாலை முழுக்க அவருக்கு லெவல்காரர் என்றுதான் பெயர். கண்ணாடிக் குழாய்க்குள் ஒரு குமிழி ஓடுமே, நடுவில் நின்றால் அடியில் இருப்பது மட்டம் என்று காட்டுமே, அந்த லெவல் கருவியை வைத்து மெஷின்களை மட்டம் பார்ப்பதில் அவரை அடிக்க ஆளில்லை. இருபத்தாறு வருடத்தில் அவர் உட்கார வைத்த மெஷின் ஒன்றுகூட ஆடியது கிடையாது. ஆடியது என்கிறவன் முன்னால் வந்து சொல்லட்டும்.

ஒரு சமயம் வெளிநாட்டிலிருந்து பெரிய கிரைண்டிங் மெஷின் ஒன்று வந்து இறங்கியது. அதை நிறுவிக் கொடுக்க ஒரு வெள்ளைக்கார இன்ஜினியரும் வந்தார். முதல் நாளே மேனேஜர் ஃபிட்டரைக் கூப்பிட்டார்.

"இந்த மெஷினுக்குப் பொறுப்பா இங்கிலீஷ் தெரிஞ்ச ஆளைத்தான் போடணும்னு மேலிடத்துல சொல்றாங்க. பக்கத்து பிளான்ட்ல ஒருத்தரைக் கேட்டிருக்கேன். அவர் வர்ற வரைக்கும் நீ சும்மா கூட நில்லுப்பா."

சும்மா கூட நிற்பதா? அந்த மெஷினுக்கு அஸ்திவாரம் போட்டவரே இவர்தான். காங்கிரீட் இறுகுகிற வரை ஞாயிற்றுக்கிழமைகூட வந்து தண்ணீர் ஊற்றியவர்.

கிரேன் ஓட்டுகிறவன் அவருடைய மச்சான், மனைவியின் தம்பி. அவன் மேலேயிருந்து வாயைக் கிளறினான்.

"மாமா, இங்கிலீஷ்ல உங்களுக்குத் தும்மவாவது தெரியுமா?"

"நீ முதல்ல தமிழ்ல தும்மாம கிரேனை ஓட்டுடா. உங்க அக்காவுக்குப் பதில் சொல்ல வேண்டியவன் நான்."

இங்கிலீஷ் பேசத் தெரியாதே தவிர, ஃபிட்டருக்குக் காது பழுதில்லை. இரண்டு நாள் இன்ஜினியர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். கருவியைக் காட்டி லெவல் என்றார் வெள்ளைக்காரர். போல்ட்டைத் திருகச் சொல்லும்போதும் லெவல். வேலை முடிந்து மட்டமாகிவிட்டது என்று கட்டைவிரலைத் தூக்கும்போதும் லெவல். நாம் 'லெவலை எடு', 'லெவல் பண்ணு', 'லெவலா இருக்கு' என்று சொல்லுக்கு ஒவ்வொரு வால் ஒட்டுவோம். அவர்கள் வால் ஒட்டுவதில்லை. சொல் நிற்கிற இடத்தைப் பார்த்துத்தான் அது பொருளா, வேலையா, தன்மையா என்று பிடிக்க வேண்டும். எந்தப் பள்ளிக்கூடமும் சொல்லித் தராததை நின்ற இடத்திலேயே பிடித்துவிட்டார் மனிதர்.

மூன்றாம் நாள் சிக்கல் வந்தது. மெஷினின் நீண்ட அடித்தளமான படுகையின் ஒரு கோடியில் குமிழி நடுவுக்கு வந்தால், மறுகோடியில் ஓடிவிடும். அதைச் சரிசெய்தால் இது கெடும். மதியம்வரை திருகித் திருகிக் கை மரத்துப்போனது. கடைசியில் இன்ஜினியர் தரையைக் காட்டி உதட்டைப் பிதுக்கினார். மேனேஜர் முகம் சுண்டிவிட்டது.

"என்னப்பா, அஸ்திவாரம் இறங்குதாம். உடைச்சுட்டு மறுபடி போடணும்ங்கிறார். நீ போட்ட லட்சணம் இதுதானா?"

"என் அஸ்திவாரம் இறங்காது சார்."

"மெஷினே சொல்லுதேய்யா!"

"மெஷின் சொல்லலை சார். அவர் கையில இருக்கிற கருவி சொல்லுது."

அடுத்தவன் லெவலைக் கேட்காமல் தொடக் கூடாது என்பது தொழிலில் எழுதாத சட்டம். ஃபிட்டர் இரண்டு கையையும் விரித்து நீட்டினார். இன்ஜினியர் ஒரு கணம் தயங்கி, கொடுத்தார். இவர் அதன் அடியை மெல்லிய துணியால் துடைத்துப் படுகையில் வைத்து, கையை எடுத்து, மூச்சையும் அடக்கிக்கொண்டு காத்திருந்தார். குமிழி வாசல் பக்கம் இரண்டு கோடு தள்ளி நின்றது. அதே இடத்தில் கருவியை, இந்த முனை அந்தப் பக்கம் வரும்படி தலைமாற்றி வைத்தார். படுகை சாய்ந்திருந்தால் குமிழி மறுபடியும் வாசல் பக்கம்தான் போக வேண்டும். போகவில்லை. எதிர்ச்சுவர்ப் பக்கம் போய் நின்றது.

மச்சான் கிரேனை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தான். ஃபிட்டர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"சார், லெவல் நாட் லெவல். ஃபர்ஸ்ட் லெவல் லெவல். தென் மெஷின் லெவல்."

இன்ஜினியர் தானே குனிந்து மூன்று முறை தலைமாற்றிப் பார்த்தார். காது சிவந்தது. எங்கோ வழியில் கருவி அடிபட்டிருக்கிறது. படுகையின் இரண்டு கோடியிலும் அவர் எதிரெதிர்ப் பக்கம் நின்று வைத்ததால், பிசகு கோடிக்கொரு திசை காட்டியிருக்கிறது. பெட்டியிலிருந்து சின்னச் சாவியை எடுத்துக் கருவியின் திருகைச் சரிசெய்தார். அப்புறம் இரண்டு மணி நேரத்தில் இரு கோடியிலும் குமிழி நடுவில் நின்றது. அஸ்திவாரம் மயிரிழைகூட அசையவில்லை.

"என்னய்யா சொன்னே அவர்கிட்ட?" என்றார் மேனேஜர்.

"லெவல்னு சொன்னேன் சார்."

"அவ்வளவுதானா?"

"அஞ்சு தடவை சொன்னேன் சார்."

மேலே மச்சான் சிரித்த சிரிப்பில் கிரேன் கூண்டே அதிர்ந்தது. இன்ஜினியர் மேனேஜரிடம் ஃபிட்டரைக் காட்டி ஏதோ சொன்னார். மேனேஜர் அங்கேயே நின்று பக்கத்து பிளான்ட்டுக்கு ஃபோன் போட்டார்.

"அந்த ஆளை அனுப்ப வேண்டாம். எங்ககிட்டயே ஆள் இருக்கு."

கடைசி போல்ட்டுகளை முறுக்க ஃபிட்டர் மெஷினுக்கு அடியில் குனிந்தார். உள்ளே இருட்டாக இருந்தது. வெள்ளைக்கார இன்ஜினியர் எண்ணெய்த் தரையில் மண்டியிட்டு, அவருக்கு டார்ச் அடித்துக்கொண்டிருந்தார்.