தொரிக்காவின் ஓடிபி

நெட்பால் ஆடிய காலத்திலேயே தொரிக்காவுக்கு வாய் நீளம். முழங்கால் போனபின் விசிலைக் கையில் எடுத்தாள். அன்றிலிருந்து எங்கள் கண்டாவுத் தீவில் எவருக்கும் நிம்மதி கிடையாது. பிரசங்கம் ஒரு மணி நேரத்தைத் தாண்டினால் தேவாலயத்தின் கடைசி வரிசையிலிருந்து விசில் கேட்கும். பாஸ்டர் முறைப்பார். இவள் ஒன்றும் தெரியாதவள் மாதிரி பைபிளைப் புரட்டுவாள்.

இவ்வளவு அலப்பறைக்கும் அவளிடம் நடுவர் சான்றிதழ் இல்லை. தலைநகர் சுவாவில் நடக்கும் பெரிய போட்டிகளில் விசில் ஊத அது வேண்டும். இணையத்தில் ஆறு சனிக்கிழமை பாடம், ஏழாவது சனிக்கிழமை பரீட்சை. நாற்பத்தைந்து வயதுவரைதான் எழுதலாம். பரீட்சை முடிந்த மறுமாதம் அவளுக்கு நாற்பத்தாறு. இந்த முறை விட்டால் அவ்வளவுதான்.

பள்ளி அலுவலகத்தில் நான் எழுத்தர். பாடம் படிக்க என் கணினியில்தான் வந்து உட்காருவாள். முதல் வாரமே தன் மின்னஞ்சலை மூடாமல் எழுந்து போய்விட்டாள். எட்டாம் வகுப்புப் பிசாசுகள் அவள் பெயரில், 'பாஸ்டர் பாடினால் பன்றிகள் ஓடிவருகின்றன' என்று சபை முழுவதற்கும் எழுதி அனுப்பிவிட்டன. எழுதியதில் பொய் ஒன்றும் இல்லை. இருந்தாலும் மானம் போச்சு என்று குதித்தாள்.

பாடமும் பரீட்சையும் திறப்பது அந்த மின்னஞ்சல் கணக்கு வழியாகத்தான் என்பதால், நான்தான் அதற்கு இரட்டைப் பூட்டு வைத்துக் கொடுத்தேன். கடவுச்சொல்லைப் போட்டதும் அவள் கைப்பேசிக்கு ஓடிபி வரும். அதையும் போட்டால்தான் திறக்கும்.

"இனி எவன் நுழையிறான்னு பாக்குறேன்," என்றாள்.

எவனும் நுழையவில்லை. கைப்பேசிதான் வெளியே போனது. அடுத்த செவ்வாய்க்கிழமை ஒரு துக்கத்துக்குத் தீவின் அந்தக் கோடியிலிருந்து அவள் அத்தை மகன் இசிகேலி வந்தான். அவள் கைப்பேசியைப் புரட்டிப் பார்த்து, "நல்லாருக்கே, எனக்குக் குடேன்," என்றான். சொந்தக்காரன் வாய்விட்டுக் கேட்டபின் இல்லையென்று சொல்ல எங்கள் ஊரில் யாருக்கும் நாக்கு எழாது. சிம்மைக் கழற்றிக்கொண்டு கொடுத்தால் காறித் துப்புவார்கள். முழுசாகவே கொடுத்தாள்.

அப்புறம் சனிக்கிழமைதோறும் என் கைப்பேசியிலிருந்து அவனிடம் பிச்சை.

"மச்சான், ஓடிபி வந்துச்சா?"

"வந்துச்சு. 'என் அழகு மச்சானே'ன்னு கூப்பிடு, சொல்றேன்."

"அந்த மூஞ்சிக்கா? சொல்லித் தொலைடா!"

"அவசரப்படாத, மாமன் மகளே. முதல்ல நாலு... ஐயோ, இல்ல, ஏழு..."

அதற்குள் நேரம் முடிந்துவிடும். மறுபடி வேறு ஓடிபி, மறுபடி கெஞ்சல்.

பரீட்சைக்கு முந்தைய நாள் அவளுக்குப் பொறுமை போய்விட்டது. பூட்டே வேண்டாம், எடு என்றாள். எடுப்பதற்கும் ஓடிபி கேட்டது. பூட்டைக் கழற்றத் திருடனிடமே போய் நிற்க வேண்டிய கொடுமை! நாலு தடவை அழைத்தபின்தான் கிடைத்தான்.

"இன்னைக்கு எதுக்கு?" என்றான் இசிகேலி.

"நாளைக்கு ரெண்டு மணிக்குப் பரீட்சை. உன் கோமாளித்தனத்த நம்பி நான் நாசமாப் போக முடியாது. இனி உன் தயவு எனக்கு வேணாம்."

அவன் சிரிக்கவில்லை. ஆறு இலக்கத்தையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு வைத்துவிட்டான். 'உங்கள் கணக்கின் பாதுகாப்பு குறையும், சம்மதமா?' என்று திரை கேட்டது. "போடா," என்று அதற்கும் ஒரு திட்டு விட்டு அழுத்தினாள்.

சனிக்கிழமை ஒன்றரைக்குப் பள்ளியில் மின்சாரம் போனது. ஜெனரேட்டரில் டீசல் இல்லை. சூரிய மின்சாரம் உள்ள மருத்துவ நிலையத்துக்கு ஓடினோம். முழங்கால் போனவள் முன்னால், நல்ல கால் உள்ள நான் பின்னால். நர்ஸம்மா தன் கணினியை விட்டுக்கொடுத்தார். கடவுச்சொல்லைப் போட்டோம். 'இது புதிய கணினி. நீங்கள்தானா என்று உறுதிசெய்ய ஓடிபி அனுப்பியிருக்கிறோம்' என்றது. எங்கே? அதே கைப்பேசிக்கு. பூட்டை எடுத்த அவசரத்தில் அந்தக் கைப்பேசி எண்ணை நீக்க மறந்த முட்டாள் நான்தான்.

இரண்டுக்கு இன்னும் ஆறு நிமிடம். இரண்டு அடித்தால் யாரையும் உள்ளே விடமாட்டார்கள்.

தொரிக்கா நாற்காலியில் அப்படியே சரிந்தாள். "அவன் ஊர்ல வீட்டுக்குள்ள சிக்னலே கிடையாதுடி. குன்று மேல ஏறினாத்தான் கிடைக்கும். நேத்து அவ்வளவு பேசிட்டேன், இன்னைக்கு எதுக்கு ஏறுவான்? மீனுக்குப் போயிருப்பான்." அவள் அழுவதை அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தேன்.

இருந்தாலும் அழைத்தேன். முதல் மணியிலேயே எடுத்தான். பின்னால் மழை கொட்டுகிற சத்தம்.

"எழுது. மூணு, பூஜ்யம், எட்டு, எட்டு, ஒண்ணு, அஞ்சு. எழுதிட்டியா? திருப்பிச் சொல்லு."

தொரிக்கா என் கையிலிருந்து பிடுங்கினாள். "அங்க என்னடா பண்ற? வேணாம்னு சொன்னேன்ல?"

"சொன்ன. பரீட்சைன்னும் சொன்னியே. காலையிலயே ஏறிட்டேன். பேச்சக் குறைச்சிட்டு நம்பரப் போடுடி."

மூக்கை உறிஞ்சிக்கொண்டே போட்டாள். ஒரு நிமிடம் மிச்சமிருக்கும்போது பரீட்சை திறந்தது. நாலு மணிக்கு முடிவும் வந்தது, தேறிவிட்டாள். முதலில் அவனைத்தான் அழைத்தாள். அந்த மடையன் இன்னும் குன்றின் மேலேயே மழையில் உட்கார்ந்திருந்தான்.