ஏரிக்கரைக்கு அளவெடுக்கப் போன புதன்கிழமை

அந்தக் கோடையில்தான் எனக்கும் என் கணவருக்கும் ஒரே வாரத்தில் லீவு கிடைத்தது. டென்மார்க்கில், கோல்டிங்கில் நான் முதியோர் இல்லமொன்றில் வேலை செய்கிறேன். அவர் ஜன்னல் செய்யும் தொழிற்சாலையில். நான் விடிய வேலைக்கு இறங்கும்போது அவர் வேலை முடித்து வருவார். படிக்கட்டில்தான் எங்கள் சந்திப்பு. "கறி அடுப்பில இருக்கு", "கார்த் திறப்பு மேசையில". எங்களுக்கிடையில் கதை அவ்வளவுதான்.

சில்கபோர்க் பக்கத்தில் ஏரிக்கரையோடு ஒரு பூங்கா இருக்கிறதென்று கூட வேலை செய்யும் டேனிஷ் பெண் ஒருத்தி சொல்லி, போனில் படமும் காட்டினாள். மரப்பாலம், படகு, நெருப்பு மூட்டிச் சமைக்க இடம். அன்று பின்னேரம் அவரிடம் கேட்டேன்.

"அங்க ஒருநாள் போயிட்டு வருவமே?"

"ஆரார்?"

"நாங்கள் ரெண்டு பேரும்தான்."

அவர் சாப்பாட்டுக் கோப்பையிலிருந்து தலையை நிமிர்த்தினார். "நாங்கள் மட்டுமோ? அப்ப அங்க ஆரோட கதைக்கிறது?"

பகிடியாகச் சொன்னாரோ, உண்மையாகத்தான் கேட்டாரோ தெரியாது. கலியாணம் கட்டி இருபத்தாறு வருடத்தில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் போன இடம் பல்வைத்தியரிடம்தான். ஆனாலும் ஓம் என்றார்.

கெடுத்தது நான்தான். ஹ்விடோவ்ரேயில் இருக்கும் மச்சாளோடு, அதாவது அவரின் அக்காவோடு, வேறேதோ கதைத்துக்கொண்டிருக்கும்போது ஏரி வாயில் வந்துவிட்டது.

"அட, எங்களுக்குச் சொல்லேல்லையே! நாங்களும் வாறம்," என்றார் மச்சாள்.

குற்றவாளிபோல அவரிடம் போய்ச் சொன்னேன். அவர் தலையைச் சொறிந்தார். "நானும் ஓல்போர்க் நண்பனுக்கு வாய்தவறிச் சொல்லிப்போட்டன். அவையும் குடும்பத்தோட வருகினமாம்."

இரண்டு நாளில் நாங்கள் பதினேழு பேராகிவிட்டோம். மச்சாள் அன்னப்பறவைப் படம் போட்டு வாட்ஸ்அப்பில் ஒரு குழு திறந்தார். முதல் பிரச்சினை நாள். வெள்ளிக்கிழமை என்றால் எங்களுக்கு மச்சமில்லை, மரக்கறிதான். ஞாயிறு என்றால் ஓல்போர்க்காருக்குச் சபையில் ஆராதனை. சனிக்கிழமை என்று முடிவாக மூன்று நாள் போனது. அதற்குப் பிறகு சாப்பாடு. கொத்துறொட்டியா, புரியாணியா? பெரிய சட்டி யாரிடம் இருக்கிறது? றோல்ஸ் எத்தனை? ஓல்போர்க்கில் படிக்கும் என் மகள்தான் நெருப்பு மூட்டும் இடத்தை இணையத்தில் பதிவு செய்தாள். சட்டிகளின் படங்களை அவளுக்கு அனுப்பினேன். டேனிஷில் ஒரே வரியில் பதில் வந்தது: "அம்மா, அது பூங்கா, கலியாண மண்டபமில்லை."

எல்லாம் சரிவந்தும் மச்சாளின் கேள்வி ஒன்று மிஞ்சி நின்றது. மச்சாளுக்கு முழங்கால் நோ. கார் விடும் இடத்திலிருந்து ஏரிக்கு எவ்வளவு தூரம்? இணையப் பக்கத்தில் "சிறிது நடை" என்று போட்டிருந்தது. டேனிஷ்காரர் சிறிது என்றால் மூன்று கிலோமீற்றராகவும் இருக்கும். என் வேலையிடத்தில் தொண்ணூறு வயதுக்காரர் காற்றிலும் மழையிலும் ஊன்றி நடக்கும் தள்ளுவண்டியோடு உலாத்தப் போகிறவர்கள்.

"நாங்கள் ஒருக்காப் போய்ப் பாத்திட்டு வருவம்," என்றார் இவர்.

அப்படித்தான் அந்தப் புதன்கிழமை வெளிக்கிட்டோம். போத்தலில் தேத்தண்ணி, பாணுக்குள் சீனிச்சம்பல். கார் விடும் இடத்தில் இறங்கியதும் அவர் காலடி எண்ணத் தொடங்கினார். நான் பக்கத்தில் நடந்தபடி ஒரு மரங்கொத்தியைக் காட்டினேன்.

"நூற்றுப் பதினேழு, நூற்றுப் பதினெட்டு... கதையாதையும்!"

எதிரே நாயோடு வந்த ஒரு மனிசன் சிரித்து வணக்கம் சொன்னார். இவரும் பதிலுக்குச் சொன்னார். எண்ணிக்கை போய்விட்டது. திரும்பக் கார் வரை நடந்து, முதலிலிருந்து எண்ணினார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பார்த்தால் அவரும் சிரித்துக்கொண்டே எண்ணுகிறார்.

அறுநூற்றுப் பத்து அடி. வழியில் இருந்து ஆற மூன்று வாங்கு. கழிவறை ஒன்று, துப்புரவாக இருந்தது. வந்த வேலை அரை மணித்தியாலத்தில் முடிந்துபோனது.

என்ன செய்வதென்று தெரியாமல் மரப்பாலத்தில் இருந்தோம். காற்றில்லை. மறுகரைக் காடு தண்ணீருக்குள் தலைகீழாகக் கிடந்தது. அவர் சப்பாத்தைக் கழற்றி, காற்சட்டையை மடித்து, காலைத் தண்ணீரில் விட்டார். "ஆ!" என்று இழுத்துவிட்டு, மறுபடி விட்டார்.

"நீரும் விடும்."

விட்டேன். குளிர் முழங்கால்வரை ஏறியது. பாலத்தின் அந்தப் பக்கம் நீந்தி முடித்துத் தலைதுவட்டிய டேனிஷ் அம்மா ஒருவர், விடுமுறையா என்று கேட்டார். இவர் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு, "இல்லை, வேலையாய் வந்திருக்கிறம்" என்று டேனிஷில் சொன்னார். அந்த அம்மா எங்கள் நான்கு வெறுங்காலையும் பார்த்தார். நல்ல வேலைதான் என்றார்.

பிறகு படகொன்றை வாடகைக்கு எடுத்தோம். இவருக்குத் துடுப்புப் பிடித்துப் பழக்கமில்லை. படகு நின்ற இடத்திலேயே வட்டமடித்தது. நான் வாங்கிப் பிடித்தேன். அதுவும் வட்டம்தான், மற்றப் பக்கமாக. ஆளுக்கொரு துடுப்பாகப் பிடித்த பிறகுதான் ஒருமாதிரி நேரே போனது. நடு ஏரியில் பாணைப் பிரித்துச் சாப்பிட்டபோது அவர் கதைக்கத் தொடங்கினார். தொழிற்சாலையில் புது இயந்திரம் வருகிறதாம். பகல் வேலைக்கு மாற்றித் தரச்சொல்லிக் கேட்கலாமோ என்று யோசிக்கிறாராம். எத்தனை நாளாய் இந்த யோசனை என்று கேட்டேன்.

"மாசிமாதத்தில இருந்து."

"ஏன் எனக்குச் சொல்லேல்ல?"

"படிக்கட்டில வைச்சு எப்பிடிச் சொல்லுறது?"

கேளுங்கோ என்றேன். சம்பளம் கொஞ்சம் குறையும் என்றார். குறையட்டும் என்றேன். அந்த இடத்தில் அது எவ்வளவு இலேசாக முடிந்தது என்று இப்போதும் நினைக்கிறேன்.

வீட்டுக்கு வந்து குழுவில் எழுதினார்: "610 அடி. வாங்கு 3. கழிவறை 1. நல்ல இடம்." அவ்வளவுதான்.

சனிக்கிழமை பதினேழு பேரும் வந்தார்கள். மச்சாள் ஒரு வாங்கிலும் இருக்கவில்லை. எல்லாருக்கும் முன்னால் நடந்துபோய் அடுப்புக் கல்லை உதைத்துப் பார்த்தார். "புதன்கிழமை காலமை வந்த நீங்கள் பின்னேரம் வரைக்கும் என்ன செய்தனீங்கள்?" என்று அவர் கேட்க, "அளந்தனாங்கள்," என்றார் இவர். எல்லாரும் கொல்லென்று சிரித்தார்கள். நான் குனிந்து விறகைத் தள்ளினேன்.

புரியாணி இறக்கும்போது மழை பிடித்தது. ஆறு பேருக்கென்று கட்டின மரக்கொட்டிலுக்குள் பதினேழு பேரும் ஒடுங்கினோம். ஓல்போர்க் அண்ணை ஜெபம் சொல்லி முடிக்கும்வரை மச்சாள் சட்டி மூடியைத் திறக்கவிடவில்லை. அவர் ஆமென் சொன்ன கையோடு மச்சாளே மூடியைத் தூக்கினார். ஆவி கூரைவரை எழும்பியது. மழைச் சட்டையோடு அந்தப் பக்கம் நடந்துபோன ஒரு டேனிஷ் சோடி மணத்துக்கு நின்று பார்த்தது. "உள்ள வாங்கோ!" என்று மச்சாள் தமிழிலேயே கூப்பிட, அவர்கள் விளங்கிக்கொண்டு வந்தார்கள்.